பணம் அனுப்பும் திரையை வடிவமைத்தல்: ஒரு முழுமையான வழிகாட்டி

இடைமுக வடிவமைப்பைப் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் பொதுப்படையாகவே சொல்லப்படுகின்றன. எளிமையாக இருக்க வேண்டும், பயனரை மனத்தில் கொள்ள வேண்டும் என்பவற்றை யாரும் மறுப்பதில்லை. ஆனால் வெறுந்திரையின் முன் உட்கார்ந்து முதல் கட்டத்தை வரையத் தொடங்கும்போது அவை கைகொடுப்பதும் இல்லை. ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துக்கொண்டு அதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கிறது. வங்கிச் செயலி ஒன்றில், இதுவரை பணம் அனுப்பியிராத ஒருவரின் கணக்கைப் புதிதாகச் சேர்த்து, அவருக்கு முதன்முறையாகப் பணம் அனுப்பும் பகுதியே அந்த வேலை.

யு.பி.ஐ. 2016இல் அறிமுகமான பிறகு, காய்கறிக் கடை முதல் ஆட்டோக் கட்டணம் வரை சிறு தொகைகள் அதன் வழியே போகின்றன. தனிநபர்களுக்கிடையே நாளொன்றுக்குப் பொதுவாக 1 லட்சம் ரூபாய் என்ற வரம்பு அதில் இருப்பதால், வீட்டு முன்பணம், மனைக்கான முன்தொகை போன்றவற்றுக்கு இன்னமும் கணக்கு எண்ணையும், வங்கிக் கிளையை அடையாளம் காட்டும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் உள்ளிட்டே அனுப்ப வேண்டியிருக்கிறது. எப்போதாவது பயன்படும், பெருந்தொகை போகும், தவறினால் எளிதில் திரும்பப் பெற முடியாத திரை இது. இதை நல்லபடியாக அமைப்பதற்கு ஒரு கேள்வியைக் கடைசிவரை கையில் வைத்திருந்தால் போதும்: இந்தத் தகவலை மென்பொருளே கண்டறிய முடியுமா, அல்லது பயனர் ஒருவருக்குத்தான் தெரியுமா? மென்பொருள் கண்டறியக்கூடியதைக் கேட்கக் கூடாது; பயனருக்கு மட்டுமே தெரிந்ததை அவர் சரிபார்க்கக்கூடிய விதத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இதிலிருந்து கிளைப்பவையே.

படி 1: சிக்கலை எழுதும்போது தீர்வைக் கலக்காதீர்கள்

வடிவமைப்பாளரிடம் வந்து சேரும் கோரிக்கை பெரும்பாலும் தீர்வின் உருவத்தில்தான் வரும். ஐ.எஃப்.எஸ்.சி. தேடும் பொத்தானைப் பெரிதாக்குங்கள், கணக்கு எண்ணுக்குக் கீழே ஓர் உதவிக்குறிப்பைச் சேருங்கள் என்று மேலாளர் எழுதியிருப்பார். அதை அப்படியே செய்து முடித்தால் வேலை நடந்துவிட்டது போலத் தோன்றும், புகார்கள் குறையாது. வரைவதற்கு முன்பு ஒரு வாக்கியம் எழுதுங்கள். யார், எதைச் செய்ய முயலும்போது, எந்த இடத்தில், என்ன நேர்கிறது என்பது மட்டுமே அதில் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக: “பழைய பாஸ்புக்கைப் பார்த்துக் குறியீட்டை உள்ளிடும் வாடிக்கையாளர், அதிலுள்ளபடியே சரியாக உள்ளிட்டும், ‘தவறான குறியீடு’ என்ற செய்தியையே திரும்பத் திரும்பப் பெற்று, செயலியிலிருந்து வெளியேறிவிடுகிறார்.” இப்படி எழுதிய உடனேயே, பொத்தானின் அளவுக்கும் இந்தச் சிக்கலுக்கும் தொடர்பில்லை என்பது புலப்படும். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியுடனும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியுடனும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியுடனும் இணைக்கப்பட்டன. அவற்றின் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் பின்னர் செல்லாதவையாகின. ஆனால் பீரோவில் இருக்கும் பாஸ்புக்கில் பழைய குறியீடுதான் அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து உள்ளிடுபவர் எந்தத் தவறும் செய்யவில்லை. பழைய குறியீட்டையும் புதிய குறியீட்டையும் இணைக்கும் ஓர் அட்டவணையை மென்பொருளில் வைத்திருந்து, “இந்தக் கிளை இப்போது இந்தியன் வங்கியின் கீழ் உள்ளது, புதிய குறியீட்டைப் பதிவு செய்துள்ளோம்” என்று தெரிவிப்பதே இதற்கான தீர்வு. இதில் புதிதாக வரைவதற்கு எதுவுமே இல்லை என்பதையும் கவனியுங்கள். வடிவமைப்பாளரின் நல்ல முடிவுகளில் கணிசமான பங்கு வரைபலகைக்கு வெளியேதான் எடுக்கப்படுகிறது.

படி 2: தகவல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

நேர்காணலில் கேட்டால் எல்லோரும் “கணக்கு எண்ணை டைப் செய்வேன்” என்றே சொல்வார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். பொதுவாக மூன்று மூலங்கள் இருக்கின்றன: வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, காசோலை அல்லது பாஸ்புக்கின் புகைப்படம், தொலைபேசியில் ஒருவர் வாய்விட்டுச் சொல்வது. மூன்றுக்கும் மூன்று விதமான பிழைகள் உண்டு.

செய்தியில் வந்ததை நகலெடுத்து ஒட்டுபவர், எண்ணோடு சேர்த்து முன்னாலும் பின்னாலும் இடைவெளியையும், சில சமயம் “அக்கவுண்ட் நம்பர்” என்ற சொற்களையும் ஒட்டிவிடுகிறார். புகைப்படத்தைப் பார்த்து உள்ளிடுபவர் இரண்டு செயலிகளுக்கிடையே மாறி மாறிப் போய், நான்கு நான்கு இலக்கமாக நினைவில் வைத்துக்கொண்டு வருகிறார். திரும்பி வரும்போது செயலி அவரை வெளியேற்றியிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காசோலையின் அடியில், காசோலைகளை இயந்திரம் பிரித்தறிவதற்காக அச்சாகியிருக்கும் 9 இலக்க எம்.ஐ.சி.ஆர். குறியீட்டை ஐ.எஃப்.எஸ்.சி. என்று எண்ணி உள்ளிடுபவர்களும் இருக்கிறார்கள். தொலைபேசியில் கேட்டு எழுதுபவருக்கோ “ஓ” என்று காதில் விழுவது பூஜ்யமா, ஆங்கில எழுத்தா என்ற குழப்பம்.

இவற்றைக் கண்டறிய, வாடிக்கையாளர் சேவை மையத்தில் ஒரு நாள் காதுகொடுத்துக் கேட்பது போதுமான தொடக்கம். திரைப்பதிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதானால், கணக்கு எண்ணும் தொகையும் பதிவாகாதபடி மறைத்துவிட வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

படி 3: கோணலான நிலைகளைத் தாளில் முதலில் எழுதுங்கள்

எல்லாம் சரியாக நடக்கும் வழியை யாரும் வரைந்துவிடலாம். அதை ஒதுக்கிவைத்துவிட்டு, மற்ற நிலைகளை ஒரு தாளில் பட்டியலிடுங்கள்: இணைப்பு பாதியில் அறுந்தது, ஓ.டி.பி. வரவில்லை, இருப்பு போதவில்லை, அன்றைய வரம்பு முடிந்துவிட்டது, பணம் கழிந்தது ஆனால் போய்ச் சேர்ந்ததா தெரியவில்லை, அழைப்பு வந்ததால் செயலி பின்னணிக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அப்போது பயனருக்குத் தெரிய வேண்டியது என்ன, அவர் செய்யக்கூடியது என்ன என்ற இரண்டை மட்டும் எழுதினால் போதும். பதில் எழுத முடியாத இடம் வந்தால், அது வடிவமைப்பில் உள்ள குறை என்பதைவிட, வங்கி இன்னும் எடுக்காத ஒரு முடிவு என்று கொண்டு உரியவரிடம் கேட்டுப் பெறுங்கள்.

இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டிய ஒன்று: புதிதாகச் சேர்த்த கணக்குக்கு முதல் சில மணி நேரம் பெருந்தொகை அனுப்ப முடியாது என்ற கட்டுப்பாடு பல வங்கிகளில் உண்டு. மோசடியைத் தடுக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் எல்லாக் கட்டங்களையும் நிரப்பி, ஓ.டி.பி.யும் கொடுத்த பிறகு அதை அறிவிப்பது, பத்திரப்பதிவு அலுவலகத்தில் நின்றுகொண்டிருப்பவரைத் திண்டாட வைத்துவிடும். முதல் திரையிலேயே, “இன்று சேர்த்தால் நாளை காலை 10 மணி முதல் முழுத் தொகையையும் அனுப்பலாம்” என்று நேரத்தோடு சொல்லிவிடுங்கள்.

படி 4: ஒவ்வொரு கட்டமாக வடிவமைத்தல்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. வழக்கமான திரையில் பெறுபவர் பெயர், கணக்கு எண், மீண்டும் கணக்கு எண், ஐ.எஃப்.எஸ்.சி., வங்கியின் பெயர், கிளை, தொகை, அனுப்பும் முறை, குறிப்பு என ஒன்பது கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

*ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு.* இது 11 எழுத்துகள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள்; ஐந்தாவது எப்போதும் பூஜ்யம்; கடைசி ஆறும் கிளையைக் குறிப்பவை. ஐந்தாவது எப்போதும் 0 என்று தெரிந்திருக்கும்போது, பயனர் அங்கே ஆங்கில “ஓ” எழுத்தை உள்ளிட்டார் என்பதற்காகப் பிழைச்செய்தி காட்டுவது வீம்பு. சத்தமில்லாமல் 0 ஆக மாற்றிக்கொள்ளுங்கள். சிறிய எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதும், இடைவெளியை நீக்குவதும் அவ்வாறே. பதினோராவது எழுத்து விழுந்த உடனே, கட்டத்துக்குக் கீழே வங்கியின் பெயரும் கிளையும் தோன்ற வேண்டும். ரிசர்வ் வங்கி இந்தப் பட்டியலைப் பொதுவில் வெளியிடுவதால் இதற்குத் தடையேதும் இல்லை. “இந்தியன் வங்கி, மயிலாப்பூர்” என்று படித்ததும் பயனர் தாம் சரியான இடத்தில் இருப்பதை உணர்ந்துகொள்வார். வங்கி, கிளை ஆகிய இரண்டு கட்டங்களும் அத்தோடு தேவையற்றவையாகிவிடுகின்றன. குறியீடு கைவசம் இல்லாதவருக்கு வங்கி, ஊர், கிளை என்று தேர்ந்தெடுக்கும் மாற்றுவழி ஒன்று இருக்கட்டும்.

*கணக்கு எண்.* இதன் நீளம் வங்கிக்கு வங்கி மாறும்: பாரத ஸ்டேட் வங்கியில் 11 இலக்கம், ஐ.சி.ஐ.சி.ஐ.யில் 12, எச்.டி.எஃப்.சி.யில் 14. எனவே ஐ.எஃப்.எஸ்.சி.யை முதலில் பெற்றுக்கொண்டால், “இந்த வங்கியின் கணக்கு எண்ணில் 14 இலக்கங்கள் இருக்கும், நீங்கள் 13 உள்ளிட்டுள்ளீர்கள்” என்று அந்த இடத்திலேயே சொல்ல முடியும். கட்டங்களின் வரிசையை மாற்றியதால் மட்டுமே கிடைக்கும் பயன் இது. கைப்பேசியில் எண் விசைப்பலகை விரிய வேண்டும். ஆனால் மதிப்பை எண்ணாகச் சேமிக்கக் கூடாது. பூஜ்யத்தில் தொடங்கும் கணக்கு எண்கள் உண்டு. எண்ணாகச் சேமித்தால் அந்தப் பூஜ்யங்கள் காணாமல் போய்விடும். காட்டும்போது நான்கு நான்காகப் பிரித்துக் காட்டினால், பாஸ்புக்கோடு ஒப்பிடுவது எளிது.

*மீண்டும் கணக்கு எண்.* நம் வங்கிச் செயலிகள் பலவற்றில், முதல்முறை உள்ளிடுவது புள்ளிகளாக மறைந்திருக்கும். இரண்டாம் முறை வெளிப்படையாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டுவது தடுக்கப்பட்டிருக்கும். இந்த ஏற்பாடு எதைப் பிடிக்கிறது என்று நிதானமாக யோசிக்க வேண்டும். விரல் தவறி 7க்குப் பதில் 8ஐ அழுத்தினால் பிடித்துவிடும். ஆனால் மங்கிய அச்சில் 3ஐ 8 என்று படித்தவர் இரண்டு முறையும் 8 என்றே உள்ளிடுவார். எதிரில் இருப்பவர் தவறான எண்ணையே அனுப்பியிருந்தாலும் இதே கதைதான். ஒட்டுவதைத் தடுப்பதோ நேர்மாறான விளைவைத் தருகிறது: பிழையே இல்லாத வழியை அடைத்துவிட்டு, நினைவில் வைத்துத் தட்டச்சு செய்யும் பிழை மிகுந்த வழிக்குப் பயனரைத் தள்ளுகிறது. எனது பரிந்துரை, ஒட்டுவதை அனுமதித்து, ஒட்டியதிலிருந்து இலக்கங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, எண்ணை மறைக்காமல் காட்டுவது. இரண்டாம் முறை கேட்பதைக் கையால் தட்டச்சு செய்தவருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

*பெயர்.* நீண்ட காலமாக இந்தக் கட்டம் வெறும் அலங்காரமாகவே இருந்து வந்தது. மின்னணுப் பரிமாற்றத்தில் கணக்கு எண்ணை மட்டுமே வைத்து வரவு வைக்கலாம், பெயர் ஒத்துப்போக வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கி 2010இல் தெளிவுபடுத்திய நடைமுறை. பயனரோ, தாம் பெயர் கொடுத்திருப்பதால் தவறான கணக்குக்குப் போகாது என்று நம்பிக்கொண்டிருந்தார். ஒரு கட்டம் பொய்யான பாதுகாப்புணர்வைத் தருமானால், அது இல்லாமலிருப்பதைவிடக் கேடு. 2024 டிசம்பர் 30 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இந்த நிலையை மாற்றியது, நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். ஆகிய வங்கிகளுக்கிடையிலான பரிமாற்ற முறைகளின் வழியே அனுப்புவதற்கு முன், அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று அது வங்கிகளுக்கு அறிவுறுத்தியது.

ஆகவே பெயரைக் கேட்காதீர்கள், பெற்றுக் காட்டுங்கள். இதிலும் சில நுட்பங்கள் உள்ளன. நம்மவர் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னாலும் வரும், பின்னாலும் வரும், விரிந்தும் வரும், எஸ். முருகன், முருகன் எஸ்., முருகன் சுப்பிரமணியன் மூவரும் ஒருவராகவே இருக்கலாம். எனவே பொருத்தம் பார்க்கும் பொறுப்பை மென்பொருளுக்குக் கொடுத்து “பெயர் பொருந்தவில்லை” என்று மிரட்டுவதைவிட, வங்கி தந்த பெயரைப் பெரிதாகக் காட்டி, “நீங்கள் பணம் அனுப்ப நினைப்பவர் இவர்தானா?” என்று கேட்பது பொருத்தமானது. வங்கியிலிருந்து பெயர் ஆங்கிலத்தில் வந்தால் அதை அப்படியே காட்டுங்கள். தானாகத் தமிழில் எழுத்துப்பெயர்த்தால் சாந்தி ஷாந்தியாகவும், தனம் தானமாகவும் மாறி, சரிபார்க்கும் பயனே கெட்டுவிடும். “வீட்டு ஓனர்”, “சின்ன மாமா” என்று பயனர் தமக்குப் பிடித்த பெயரைச் சேமித்துக்கொள்ளத் தனியாக இடம் கொடுக்கலாம். அது கட்டாயமாக இருக்கக் கூடாது.

*தொகை.* 5,000க்கும் 50,000க்கும் இடையே ஒரு பூஜ்யம்தான் வேறுபாடு. உள்ளிடும்போதே இந்திய முறையில் காற்புள்ளி விழ வேண்டும்: 5,00,000 என்றுதான் நம் கண் படிக்கும், 500,000 என்று காட்டும் ஆயத்த நிரல்கூறுகளை அப்படியே பயன்படுத்தினால் சில நொடிகள் தடுமாற்றம் ஏற்படும். அதற்கும் மேலாக, கட்டத்துக்குக் கீழே “ஐந்து லட்சம் ரூபாய்” என்று எழுத்தால் காட்டுங்கள். காசோலையில் எண்ணாலும் எழுத்தாலும் எழுதும் வழக்கம் நமக்குக் கைவந்தது. அதே காரணம் திரைக்கும் பொருந்தும்.

*அனுப்பும் முறை.* நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ்., ஐ.எம்.பி.எஸ். என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, வங்கியின் உட்புறக் குழாய்களைப் பற்றிய தேர்வை வாடிக்கையாளர் தலையில் கட்டுவதாகும். ஆர்.டி.ஜி.எஸ்.க்குக் குறைந்தபட்சம் 2 லட்சம், ஐ.எம்.பி.எஸ்.க்கு உச்சவரம்பு 5 லட்சம். நெஃப்ட் அரைமணிக்கு ஒருமுறை தொகுதியாகப் போகும். இவை எல்லாம் மென்பொருளுக்குத் தெரிந்தவை. பயனருக்குத் தெரிந்தது பணம் எப்போது சேர வேண்டும் என்பது மட்டுமே. “உடனே சேர வேண்டும்”, “இன்னும் சில மணி நேரத்தில் சேர்ந்தால் போதும்” என்ற இரண்டு தெரிவுகளையும், ஒவ்வொன்றுக்கும் ஆகும் கட்டணத்தையும் காட்டி, வழியை மென்பொருளே முடிவு செய்யட்டும்.

ஒன்பது கட்டங்கள் இப்போது நான்காகக் குறைந்துவிட்டன: குறியீடு, கணக்கு எண், தொகை, எப்போது. குறிப்பு எழுதும் கட்டத்தை விருப்பத்துக்கு விட்டுவிடலாம்.

தோற்றத்தைப் பற்றிச் சுருக்கமாக: கட்டத்தின் பெயரை அதன் உள்ளே மங்கலாக எழுதாமல் மேலே நிலையாக எழுதுங்கள், தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும் பெயரால் பயனில்லை. தொடுமிடத்துக்கு ஆப்பிள் 44 புள்ளிகளையும், கூகுள் 48 அலகுகளையும் பரிந்துரைக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு, இணைய அணுகல்தன்மை வழிகாட்டுதல்களின்படி 4.5க்கு 1 என்ற விகிதத்துக்குக் குறையக் கூடாது. வெயிலில் நின்று கைப்பேசியைப் பார்ப்பவருக்கும் இது உதவும்.

படி 5: உறுதிசெய்யும் திரை

2020 ஆகஸ்ட் 11 அன்று, அழகுசாதன நிறுவனமான ரெவ்லானுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு ஏறத்தாழ 78 லட்சம் டாலர் வட்டியை மட்டும் அனுப்ப வேண்டியிருந்த சிட்டிபேங்க், ஏறத்தாழ 90 கோடி டாலரைத் தன் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பிவிட்டது. ஃப்ளெக்ஸ்க்யூப் என்ற அந்த மென்பொருளில், அசல் தொகை வெளியே போகாமல் உள் கணக்கு ஒன்றுக்குத் திரும்ப வேண்டுமானால் மூன்று பெட்டிகளில் குறியிட வேண்டும். ஒன்றில் மட்டுமே குறியிடப்பட்டது. மற்ற இரண்டின் பெயர்களிலிருந்து அவற்றின் பொருளை ஊகிக்க வழியில்லை. ஒருவர் உள்ளிட, இன்னொருவர் சரிபார்க்க, மூன்றாமவர் ஒப்புதல் தரும் ஏற்பாடு இருந்தது. மூவரும் அது சரியென்றே எண்ணினார்கள். பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையும் திரையில் வந்தது. எவ்வளவு பணம் என்று அதில் இல்லை. வட்டி எப்படியும் வெளியே போகத்தான் வேண்டும் என்பதால் அந்த எச்சரிக்கையில் அவர்களுக்கு எந்த முரணும் தென்படவில்லை. ஏறத்தாழ 50 கோடி டாலரைப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் வங்கிக்கு எதிராக வந்த தீர்ப்பு, 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் மாறியது.

இந்த நிகழ்விலிருந்து நம் திரைக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை நேரடியானவை. எச்சரிக்கையில் விவரம் இருக்க வேண்டும்: எவ்வளவு, யாருக்கு, எந்த வங்கிக்கு. “தொடர விரும்புகிறீர்களா?” என்ற கேள்விக்கு அங்கு வந்து சேர்ந்த எவரும் “ஆம்” என்றே சொல்வார். பொத்தானில் “சரி” என்று எழுதாமல், “ரூ. 5,00,000 அனுப்பு” என்றே எழுதுங்கள், கடைசி நொடியில் கண் போகும் இடம் அதுதான். சரிபார்ப்பவர் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் பார்க்கும் திரை விளைவைக் காட்டுகிறதா, உள்ளீட்டை மட்டும் திருப்பிக் காட்டுகிறதா என்பதே தீர்மானிக்கிறது. “உங்கள் கணக்கில் மீதம்: ரூ. 12,400” என்ற ஒரு வரி, கூடுதலாக ஒரு பூஜ்யம் போட்டவரை நிறுத்திவிடும்.

எல்லாப் பரிமாற்றத்துக்கும் ஒரே அளவு உறுதிப்படுத்தலைக் கேட்காதீர்கள். மாதாமாதம் அதே வாடகையை அதே கணக்குக்கு அனுப்புபவரை ஒவ்வொரு முறையும் நிறுத்தினால், அவர் படிக்காமல் அழுத்தப் பழகிவிடுவார். உண்மையான எச்சரிக்கை வரும் நாளிலும் அதையே செய்வார். முதன்முறை அனுப்பும் கணக்கு, வழக்கத்தைவிடப் பலமடங்கு தொகை என்ற சூழல்களுக்கு மட்டும் கூடுதல் தடையை ஒதுக்கிவையுங்கள்.

படி 6: காத்திருப்பும் நிலுவையும்

பதில் கிடைக்க ஆகும் நேரத்தைப் பற்றி, இடைமுகப் பயன்பாட்டை ஆராய்பவரான ஜேகப் நீல்சன் 1993இல் தொகுத்துத் தந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது: 0.1 நொடிக்குள் நடந்தால் உடனடியாகத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் சிதறிவிடும். பணப் பரிமாற்றத்தில் கவனம் சிதறுவதோடு நிற்காது. பயம் வந்துவிடும், பயந்தவர் மீண்டும் அழுத்துவார். அனுப்பும் பொத்தானை அழுத்திய உடனே அதைச் செயலிழக்கச் செய்வது தேவைதான் என்றாலும் அது போதாது. ஒவ்வொரு முயற்சிக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அதே எண்ணோடு இரண்டாம் முறை வரும் கோரிக்கையைச் சர்வர் ஏற்காதபடி நிரலாளருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

பணம் கழிந்தும் போய்ச் சேர்ந்தது உறுதியாகாத நிலைக்குத் தனித் திரை வேண்டும். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, ஐ.எம்.பி.எஸ். வழியே கழிந்த பணம் பெறுபவருக்குச் சேரவில்லையென்றால் மறுநாளுக்குள் திரும்ப வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். இந்த விவரம் வங்கியின் விதிமுறைப் பக்கத்தில் எங்கோ இருப்பதால் பயனில்லை. “உங்கள் பணம் ரூ. 20,000 நாளை இரவுக்குள் முருகன் கணக்கில் சேரும், அல்லது உங்கள் கணக்குக்குத் திரும்பும். மீண்டும் அனுப்ப வேண்டாம்” என்று தேதியோடு எழுதினால், சேவை மையத்துக்கு வரும் அழைப்புகள் பலவும் வராமலே போகும்.

படி 7: பிழைச்செய்திகள்

நல்ல பிழைச்செய்தி என்ன நடந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்ற இரண்டையும் சொல்லும்; அந்தக் கட்டத்துக்கு அருகிலேயே தோன்றும்; பயனர் உள்ளிட்டதை அழிக்காது. ஐ.எஃப்.எஸ்.சி. கட்டத்தில் 9 இலக்கம் உள்ளிட்டவருக்கு “தவறான உள்ளீடு” என்பதற்குப் பதிலாக, “இது எம்.ஐ.சி.ஆர். குறியீடு போலத் தெரிகிறது. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு நான்கு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும், காசோலையில் வங்கியின் முகவரிக்கு அருகில் பாருங்கள்” என்று சொல்லலாம். சிவப்பு நிறத்தை மட்டும் நம்பாமல் ஒரு குறியீட்டுப் படத்தையும் சொல்லையும் சேருங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் கணிசமாக உள்ளனர். பயனர் இன்னும் தட்டிக்கொண்டிருக்கும்போதே பிழை என்று அறிவிக்காமல், அவர் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்த பிறகு சொல்வது மரியாதை.

படி 8: தமிழ்த் திரை

ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்புக்கு அனுப்பும் வழக்கம் இருக்கும்வரை தமிழ்த் திரைகள் உடைந்தேதான் இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. கொக்கிகளும் சுழிகளும் மேலும் கீழும் நீள்பவை. ஆங்கிலத்துக்கு வைத்த வரி உயரத்தில் “கூடுதல்” என்பதன் அடிப்பகுதி வெட்டுப்படும். தொடக்கத்திலிருந்தே தமிழ் உரையை வைத்து வரைந்தால் இவை தாமே தெரியவரும்.

இவற்றினும் ஆபத்தானது, இடம் போதாதபோது உரையின் கடைசிப் பகுதியை வெட்டி மூன்று புள்ளிகளிட்டுச் சுருக்குவது. தமிழில் வினைமுற்றும் எதிர்மறையும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. “பணம் அனுப்பப்பட்டது”, “பணம் அனுப்பப்படவில்லை” என்ற இரண்டும் குறுகிய அறிவிப்புப் பட்டையில் “பணம் அனுப்பப்ப…” என்று ஒன்றுபோலவே தெரியும். எனவே நிலையை முன்னால் எழுதுங்கள்: “தோல்வி: முருகனுக்கு ரூ. 20,000”. குறுஞ்செய்திக்கும் கணக்குப் பாருங்கள். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும் ஒரு செய்தி, தமிழில் 70 குறியீடுகளைத்தான் கொள்ளும், மெய்யும் உயிர்க்குறியும் அதில் தனித்தனியாக எண்ணப்படும்.

சொற்களைப் பொறுத்தவரை, வங்கி வாசலில் மக்கள் பேசுவதையே பயன்படுத்துங்கள். “பயனாளியைச் சேர்” என்று எழுதினால் அரசுத் திட்டத்தின் பயனாளியைத்தான் பலரும் நினைப்பார்கள். “பணம் பெறுபவரைச் சேர்” என்பதில் அந்தக் குழப்பம் இல்லை.

படி 9: சோதித்தல்

ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று நீல்சன் 2000இல் எழுதியது பரவலாகப் பின்பற்றப்படுகிறது. அந்த ஐவரும் உங்கள் அலுவலகத்தில் இருப்பவர்களாக இருக்கக் கூடாது என்பது அதன் எழுதப்படாத நிபந்தனை. வாசிப்புக் கண்ணாடி அணிபவர், எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பவர், விலை குறைந்த கைப்பேசி வைத்திருப்பவர் ஆகியோர் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

கணக்கு விவரத்தை அழகாகத் தட்டச்சு செய்த தாளில் தராதீர்கள். சற்றே மங்கலான பாஸ்புக் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இவருக்கு 1 ரூபாய் அனுப்புங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர் தடுமாறும்போது உதவத் துடிக்கும் வாயைக் கட்டிப்போடுவதுதான் இதில் கடினமான பகுதி. முடிந்த பிறகு பிடித்திருந்ததா என்று கேட்காமல், “பணம் இப்போது எங்கே இருக்கிறது?” என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில், உங்கள் திரை என்ன தெரிவித்தது என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும்.

திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் டாக்பேக், வாய்ஸ்ஓவர் ஆகிய திரைவாசிப்பான்களிலும் ஒருமுறை முழுவதும் கேட்டுப் பார்க்க வேண்டும். கணக்கு எண்ணைக் கோடி, லட்சம் என்று ஒரே தொகையாக அது படித்தால், பார்வையற்ற ஒருவர் அதைச் சரிபார்க்கவே முடியாது. இலக்கம் இலக்கமாகப் படிக்கும்படி நிரலில் குறிப்பிட வேண்டும். தொகையை மட்டும் தொகையாகவே படிக்க வேண்டும்.

படி 10: வெளியிட்ட பிறகு

எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்பது இந்தத் திரையைப் பற்றி எதுவும் சொல்லாது. எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் நின்றுவிடுகிறார்கள், எந்தப் பிழைச்செய்தி அதிகம் தோன்றுகிறது, ஒரே நபருக்கு ஒரே தொகை பத்து நிமிடத்துக்குள் இரண்டு முறை போன நிகழ்வுகள் எத்தனை, தவறான கணக்குக்குப் போய்விட்டது என்று வந்த புகார்கள் எத்தனை என்ற நான்கையும் வாரந்தோறும் பாருங்கள். பெயரைக் காட்டும் திரையில் “இவர் இல்லை” என்று அழுத்தித் திரும்பிப் போனவர்களின் எண்ணிக்கையையும் தனியாகக் குறித்துவையுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அது பாதியில் கைவிடப்பட்ட பரிமாற்றங்களின் கணக்கில் சேர்ந்து, திரை சரியில்லை என்ற தோற்றத்தைத் தரும். உண்மையில் அந்த ஒவ்வொரு முறையும் பணம் தவறான இடத்துக்குப் போகாமல் தடுக்கப்பட்டிருக்கிறது.